வீட்டிலேயே பட்டுப்புழு வளர்த்து, முட்டையிலிருந்து பூச்சி வரை பிள்ளைக்குக் காட்ட முடியுமா?

தாராளமாக முடியும். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஒரு முழுச் சுற்றைக் காட்ட வேண்டும், இருபது முப்பது புழு போதும், என்ன தேவை, எத்தனை நாள் ஆகும், கடைசியில் அந்தப் பூச்சிகளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முட்டையிலிருந்து தொடங்கினால் ஏறக்குறைய இரண்டு மாதம். ஓர் அட்டைப்பெட்டி, எறும்பும் பல்லியும் எட்டாத ஒரு மேசை, அப்புறம் தினமும் புது இலை. செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் நேரம் தவறாமல் யாராவது கவனிக்க வேண்டும்.

நாங்கள் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம். முசுக்கொட்டை, அதாவது மல்பெரித் தோட்டமும், புழு வளர்க்கிற மனையும்தான் எங்கள் பிழைப்பு. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் புழுவின் முழு வாழ்க்கையைப் பார்ப்பதில்லை என்று சொன்னால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். பூச்சி முட்டையிடுவது வித்தகம் என்கிற முட்டை உற்பத்தி நிலையத்தில். பொரிப்பதும் முதல் இரண்டு பருவம் வளர்வதும் இளம்புழு மையத்தில் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம்தான் பருவம்). எங்கள் கைக்கு வருவது இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழு. அது கூடு கட்டி முடித்ததும் பறித்து மூட்டை கட்டி, தர்மபுரி அங்காடிக்கோ கர்நாடகத்து ராம்நகரத்துக்கோ அனுப்பிவிடுவோம். பூச்சி வெளியே வந்தால் கூட்டில் ஓட்டை விழுந்துவிடும், ஓட்டை விழுந்த கூட்டில் நூலை ஒரே இழையாக இழுக்க முடியாது. அதனால் மனையில் பூச்சி பறந்தடிப்பதைப் பார்த்தால் நஷ்டம் என்றுதான் அர்த்தம். ஓர் அந்துப்பூச்சி கூட்டை விட்டு வருவதை நான் நிதானமாக உட்கார்ந்து பார்த்ததே, பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் புழுவை வீட்டுக்குள் தனியாக வைத்து வளர்த்தபோதுதான். எங்களுக்குக் கிடைக்காத அந்தப் பிற்பாதி உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போகிறது. கூடு கட்டியதும் 'ப்ராஜெக்ட் முடிந்தது' என்று நிறுத்திவிடாதீர்கள். முட்டை வரை போங்கள்.

முதலில் இலை. "இலை இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் புழுவைக் கேளு" என்பார் என் மாமியார். புது ஆள் யார் வந்து விசாரித்தாலும் அவருடைய பதில் அதுதான். பட்டுப்புழு முசுக்கொட்டை இலை தவிர வேறு எதையும் தின்று ஒழுங்காக வளராது. கீரை, முட்டைக்கோஸ் என்று ஏமாற்ற முடியாது. ஒரு புழு தன் ஆயுளில் 20 முதல் 25 கிராம் இலை தின்னும். முப்பது புழுவுக்கு முக்கால் கிலோதானே என்று நினைப்பீர்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு கடைசி ஒரு வாரத்தில் போகும். முதல் பத்து நாள் ஒரு கைப்பிடி இலை மீந்து கிடக்கும், கடைசி வாரம் பையை எடுத்துக்கொண்டு மரம் தேட வேண்டியிருக்கும். பழத்துக்காக வீட்டில் மல்பெரி வைத்திருக்கிற யாராவது தெரு பக்கத்தில் இருந்தால் அதுவே போதும். மருந்தடித்த தோட்டத்து இலை, பெரிய சாலையோரத்துத் தூசி இலை இரண்டும் வேண்டாம். பறித்த இலையை ஈரத்துணியில் சுற்றி ஒரு நாள் வைக்கலாம். போடும்போது இலை வாடியும் இருக்கக் கூடாது, மேலே தண்ணீர் நின்றும் இருக்கக் கூடாது. புழுவுக்குத் தனியாகத் தண்ணீர் வைக்கத் தேவையில்லை, இலையில் இருக்கிற ஈரமே அதற்குத் தண்ணீர்.

முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஒரு கிராமுக்கு 2,000 முட்டை நிற்கும். 25 டிகிரி வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் பொரியும். பொரிக்க இரண்டு நாள் இருக்கும்போது ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கரும்புள்ளி தெரியும். அது உள்ளே இருக்கிற புழுவின் தலை. அப்போது முட்டை அட்டையைக் கருப்புத் துணியால் மூடி இருட்டில் வைத்து, பொரிக்கிற நாள் காலையில் வெளிச்சத்துக்கு எடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பொரிந்துவிடும். இது முக்கியம். இன்று கொஞ்சம் நாளை கொஞ்சம் என்று பொரித்தால் பிறகு ஒவ்வொரு தோலுரிப்பும் முன்பின்னாகி, எதற்கு இலை போடுவது எதை விடுவது என்றே தெரியாமல் போகும்.

பொரித்த புழு மூன்று மில்லிமீட்டர் நீளம், கருப்பு, உடம்பெல்லாம் முடி. பாட்டன்பூட்டன் காலத்துப் பட்டுப்புழுப் படங்களில் வருகிற வெள்ளைப் புழுவை எதிர்பார்த்த பிள்ளைகள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், இரண்டாவது பருவத்தில் வெளுக்க ஆரம்பித்துவிடும். நுனியிலிருந்து இரண்டாவது மூன்றாவது இலையாகப் பார்த்து, பளபளப்பான தளிரைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து மூடினால் இலை வாடாது. புழுவைக் கையால் எடுக்காதீர்கள், மெல்லிய தூரிகையோ கோழி இறகோ போதும். மூன்றாம் பருவத்திலிருந்து மூடக் கூடாது, காற்று வேண்டும், இலையும் முற்றியதாக முழுசாகப் போடலாம்.

மொத்தம் ஐந்து பருவம், நடுவே நான்கு தோலுரிப்பு. முதல் பருவம் மூன்று நான்கு நாள், கடைசிப் பருவம் ஏழெட்டு நாள், எல்லாம் சேர்த்து 24 முதல் 28 நாள். இந்தத் தோலுரிப்பில்தான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். நேற்று வரை தின்றுகொண்டிருந்த புழு திடீரென்று இலையைத் தொடாது, முன்பாதி உடம்பைத் தூக்கி சாமி கும்பிடுகிற மாதிரி அசையாமல் நிற்கும். நோய் என்று நினைத்து நகர்த்துவார்கள். நகர்த்தவே கூடாது. கால்களைக் கொஞ்சம் பட்டு இழையால் படுக்கையோடு ஒட்டிக்கொண்டுதான் அது நிற்கிறது. அந்தப் பிடி இருந்தால்தான் பழைய சட்டையிலிருந்து முன்னோக்கி ஊர்ந்து வெளியே வர முடியும். கிட்டத்தட்ட ஒரு நாள் அப்படி இருக்கும். அதுவரை இலை போட வேண்டாம். தோலுரித்த புழுவுக்கு உடம்பை விடத் தலை பெரிதாகத் தெரியும், தோல் சுருக்கம் விழுந்து தொளதொள என்றிருக்கும். எல்லாம் எழுந்த பிறகு ஒரே நேரத்தில் இலை போடுங்கள்.

ஐந்தாம் பருவத்துப் புழுவை ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒன்பது கரும்புள்ளிகள் இருக்கும், அவை மூச்சுத்துளைகள். முதுகின் நடுக்கோட்டில் குழாய் ஒன்று துடிப்பது தோலுக்கு வெளியிலேயே தெரியும். அதுதான் அதன் இதயம். தின்கிற விதத்தையும் பாருங்கள். இலையின் விளிம்பை முன்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டு, மேலே எட்டிப்பிடித்து வளைவாகக் கீழே அரைத்துக்கொண்டு வரும், மறுபடி மேலே போகும். பொரித்தபோது இருந்த எடையைப் போல் பத்தாயிரம் மடங்கு எடைக்கு அது வந்து நிற்பது இப்படித்தான். முடிவில் அந்த உடம்பில் கணிசமான பங்கு பட்டுச் சுரப்பிதான்.

எச்சரிக்கைகள் சில. புழு இருக்கிற அறையில் கொசுவர்த்தி கொளுத்தக் கூடாது, செருகுகிற கொசு மருந்தும் கூடாது, பூச்சி மருந்து அடிக்கவே கூடாது. ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும். புகையிலை தொட்ட கையால் இலையைத் தொட வேண்டாம். மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பெட்டிக்கு வலை போடுங்கள். பல்லிக்கு மட்டும் சொல்லவில்லை, ஊசி ஈ என்று ஒன்று இருக்கிறது. புழுவின் மேல் முட்டை வைத்துவிட்டுப் போகும், அதன் குஞ்சு உள்ளே துளைத்துப் போய்த் தின்னும். துளைத்த இடத்தில் கருப்புத் தழும்பு விழும். எங்கள் பக்கத்து மனைகளில் சன்னலுக்கெல்லாம் வலை அடித்திருப்பது இதற்காகத்தான். புழுவின் கணுக்கள் வீங்கி, தோல் மஞ்சளித்து, கிழிந்தால் பால் போல் வடிந்தால் அது பால்புழு நோய். அந்தப் புழுவை உடனே எடுத்து அப்புறப்படுத்திவிட்டுப் படுக்கையை மாற்றுங்கள். எச்சத்தையும் காய்ந்த இலையையும் சேரவிடாமல் இருந்தாலே பாதி நோய் வராது.

கூடு கட்டும் நேரம் வந்துவிட்டதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். இலையை விட்டுவிடும், உடம்பு கொஞ்சம் சுருங்கி மஞ்சள் கலந்து ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆகும், தலையைத் தூக்கி ஒரு மூலையைத் தேடி அலையும். நாங்கள் சந்திரிகை என்கிற மூங்கில் சுருளிலோ நெகிழி வலைத் தாங்கியிலோ விடுவோம். உங்களுக்குக் கோழிமுட்டை அடுக்கும் காகித அட்டை போதும், குழிக்கு ஒரு புழு. கட்டத் தொடங்கும் முன் வயிற்றிலிருக்கிற எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளியேற்றும். அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள்.

இந்த ராத்திரி மகளைக் கொஞ்சம் கூடுதலாக விழித்திருக்க விடுங்கள். முதலில் நாலா பக்கமும் தொளதொளப்பாக இழையை ஒட்டி ஒரு பிடிமானம் செய்யும். அப்புறம் தலையை எட்டு வடிவத்தில் ஆட்டி ஆட்டிச் சுவர் எழுப்பும். திரவமாகச் சுரக்கிற பட்டு, தலை இழுக்கிற இழுப்பில்தான் இழையாக இறுகுகிறது. ஒரு நாள் வரை சுவருக்குள் புழு வேலை செய்வது மங்கலாகத் தெரியும், பிறகு மறைந்துவிடும். இரண்டு மூன்று நாள் நிற்காமல் நடக்கிற இந்த வேலையில், வெள்ளைக் கூடு கட்டுகிற வெண்கூடு ரகங்கள் ஒரே இழையாக ஒரு கிலோமீட்டர் வரை நூற்கும். நாலைந்து நாள் கூட்டைத் தொடாமல் விடுங்கள். பிறகு காதருகில் ஆட்டினால் கடகட என்று சத்தம் வரும். உள்ளே புழு கடைசியாக ஒரு தடவை சட்டை கழற்றிக் கூட்டுப்புழு ஆகிவிட்டது. ஒரே ஒரு கூட்டின் முனையைக் கவனமாகக் கத்தரித்துப் பார்க்கலாம். பழுப்பு நிறக் கூட்டுப்புழுவும் பக்கத்தில் சுருண்ட பழைய தோலும் இருக்கும். திறந்த கூட்டில் வைத்தாலும் அது பூச்சியாக மாறிவிடும்.

புடவைக்குப் போகிற கூட்டில் என்ன நடக்கும் என்று மகள் கேட்பாள். மறைக்க வேண்டாம். பூச்சி துளைப்பதற்கு முன் வெப்பத்தில் உள்ளிருக்கும் கூட்டுப்புழுவைக் கொன்றுவிட்டு, கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுப்பார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏழு கிலோ அளவுக்குக் கூடு வேண்டும். எங்கள் சோறு அதில்தான் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கும் அதை அப்படியேதான் சொன்னேன்.

கூடு கட்டி முடித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, பெரும்பாலும் விடியற்காலையில், கூட்டின் ஒரு முனை ஈரமாகும். பூச்சி வாயிலிருந்து ஒரு நீரைக் கக்கி, இழைகளை ஒட்டிவைத்திருக்கும் பசையை இளக்குகிறது. பிறகு தலையால் முட்டி இழைகளை ஒதுக்கிக்கொண்டு வரும். வெளியே வரும்போது இறகு நனைந்து கசங்கியிருக்கும், அரைமணி ஒருமணி நேரத்தில் விரிந்து காயும். பழுப்பு நிற நீர் ஒன்று கழிக்கும், ரத்தமோ என்று பயப்பட வேண்டாம். இந்தப் பூச்சிக்குத் தின்ன வாய் இல்லை, பறக்கவும் தெரியாது. மனிதன் ஐயாயிரம் வருடமாக வளர்த்து வளர்த்து இப்படி ஆகிவிட்டது. அதனால் தயவு செய்து 'விடுதலை' என்று தோட்டத்தில் விடாதீர்கள், எறும்புக்குத்தான் இரையாகும்.

பெண் வயிறு பெருத்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். வால் நுனியில் மஞ்சள் நிறச் சுரப்பி ஒன்றை வெளியே நீட்டும். அந்த மணத்துக்குப் பெட்டியின் மறுமூலையில் இருக்கும் ஆண் இறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். பூச்சிகள் ஒன்றையொன்று மணத்தால் அழைக்கின்றன என்பதற்கு முதன்முதலாகப் பிரித்தெடுத்த ரசாயனம் இந்தப் பூச்சியுடையதுதான். 1959-ல் ஜெர்மனியின் புடெனான்ட் குழு கண்டுபிடித்து பாம்பிகால் என்று பெயர் வைத்தது. இணைந்ததை மூன்று நான்கு மணி நேரத்தில் மெதுவாகப் பிரித்து, பெண்ணை ஒரு வெள்ளைத்தாள் மேல் விட்டு டம்ளரால் கவிழ்த்து மூடுங்கள். காற்று போக ஓர் ஓரத்தைத் தூக்கி வைத்தால் போதும். மறுநாளுக்குள் 400, 500 முட்டை. அதற்குப் பிறகு ஒரு வாரம் பத்து நாளில் பூச்சியின் உயிர் தானாக அடங்கிவிடும்.

வித்தகத்தில் முட்டையிட்ட தாய்ப்பூச்சியை அரைத்து நுண்நோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். பெப்ரின் என்ற நோய் தாயிடமிருந்து முட்டைக்குப் போகும். 1865-ல் பிரான்சின் பட்டு வளர்ப்பு இந்த நோயால் நொடித்துக் கிடந்தபோது லூயி பாஸ்டர் அங்கே போய் வருடக்கணக்கில் உழைத்துக் கொண்டுவந்த சோதனை இது. நோயில்லாத தாயின் முட்டையிலிருந்து வந்த புழு மட்டுமே இன்றும் எங்களுக்கு வருகிறது.

உங்கள் தாளில் இருக்கிற முட்டை முதலில் மஞ்சளாக இருக்கும். மஞ்சளாகவே சப்பையாகிப்போனால் கருக்கூடவில்லை. இரண்டு மூன்று நாளில் சாம்பல், ஊதா என்று கறுத்தால் அது உறங்கும் முட்டை, குளிர்காலம் கடந்தது போல் மாதக்கணக்கில் குளிரில் இருந்தால்தான் பொரிக்கும். கறுக்காமல் இருந்து பத்து நாள் வாக்கில் கரும்புள்ளி விழுந்தால் உடனே பொரிக்கப்போகிறது என்று அர்த்தம். இதில் விசேஷம், உறங்குவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் தாய் முட்டைக்குள் இருந்தபோதே தீர்மானமாகிவிடுகிறது. வெண்கூடு ரகங்களில் தாய் இருந்த முட்டைக்கு வெப்பமும் வெளிச்சமும் கிடைத்திருந்தால், அவள் இடுகிற முட்டை உறங்கும்.

புழு எங்கே கிடைக்கும்? முட்டையாகக் கேட்காதீர்கள். ஒரு பூச்சியின் முட்டையே நானூறுக்கு மேல், அவ்வளவுக்கும் உங்களிடம் இலை இருக்காது. உங்கள் மாவட்டப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் கேட்டால் பக்கத்தில் யார் புழு வளர்க்கிறார்கள் என்று சொல்வார்கள். அவரிடம் மூன்றாம் பருவத்துப் புழுவில் ஒரு கை கேளுங்கள், பிள்ளைக்கு என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். முட்டையைக் கடைசியில் மகளே பார்த்துக்கொள்வாள். ஏப்ரல், மே வெயிலில் வேண்டாம். மழை பிடித்து வெக்கை தணிந்த பிறகு, விடியற்காலையில் போய், மூடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இரண்டு நாள் இலையோடு சேர்த்து வாங்கி வாருங்கள்.