கம்பி விட்டுக் கட்டிய கணினி

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டினத்தில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். 2017-இல் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பாகங்கள் வாங்கிச் சேர்த்த கணினி என்னுடையது. இருமுறை ராம் (தற்காலிக நினைவகம்) கூட்டினேன், ஒருமுறை கிராபிக்ஸ் கார்டு மாற்றினேன். இப்போது 4கே காட்சிகளில் திணறுகிறது. "திறந்து மாற்றுகிற பெட்டிக்கு இனி எதிர்காலம் இல்லை, ஆப்பிளின் மேக் ஸ்டுடியோ வாங்கு" என்கிறார்கள் நண்பர்கள். வாங்கலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆப்பிள் 2019-இல் விற்ற மேக் ப்ரோ என்ற மேசைக்கணினியில் ராம் செருக 12 இடங்கள் இருந்தன, 1.5 டெராபைட் வரை போகலாம். 2023-இல் அதே பெட்டி எம்2 அல்ட்ரா என்ற புதிய சிப்போடு வந்தது. ராம் 192 ஜிபியோடு முடிந்தது, வாங்கிய பிறகு ஒரு ஜிபிகூடக் கூட்ட முடியாது. கூடுதல் கார்டு செருகும் விரிவாக்க இடங்கள் இருந்தன, ஆனால் கிராபிக்ஸ் கார்டு செருகினால் இயங்காது. அதே சிப் உள்ள, அந்த இடங்களே இல்லாத மேக் ஸ்டுடியோ 3,999 டாலருக்குக் கிடைத்தபோது மேக் ப்ரோவின் விலை 6,999. ஆளில்லாத வீட்டுக்கு எட்டு ஜன்னல் வைத்த கதை.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று திட்டிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். முடியவில்லை. சிப்புக்கு ஒட்டினாற்போல் ராமை வைத்தால் தரவு ஓடும் தூரம் குறைகிறது, வழிகளை அகலமாக்கலாம். அந்த எம்2 அல்ட்ராவில் நொடிக்கு 800 ஜிபி ஓடுகிறது. நாம் வாங்கும் டிடிஆர்5-5600 வகை ராம் இரண்டைச் செருகினால் சுமார் 90 ஜிபி. பழுதுபார்க்க எளிதான மடிக்கணினிகளுக்குப் பெயர்பெற்ற ஃப்ரேம்வொர்க் நிறுவனமே 2025-இல் தன் மேசைக்கணினியில் ராமைப் பற்றவைத்துத்தான் விற்றது.

ஆனால் வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பணம் எப்படி வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். இங்கே தருமபுரியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் மொட்டை மாடியில் தூண் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. மகளுக்குக் கல்யாணம் முடியட்டும், மாம்பழம் நல்ல விலைக்குப் போகட்டும், அப்புறம் மாடி எழுப்பலாம் என்று விட்டுவைத்த கம்பி. உங்கள் கணினியும் அப்படிக் கட்டியதுதான். தையில் சம்பாதித்து ராம், வைகாசியில் சம்பாதித்து கிராபிக்ஸ் கார்டு. வட்டியில்லாத் தவணை அது. மூடிய பெட்டியோ ஆறு வருடத்துத் தேவையை முதல் நாளே ஊகித்து, மொத்தப் பணத்தையும் அன்றே வை என்கிறது. மாதச் சம்பளம் தரும் பெரிய ஸ்டுடியோவுக்கு அது பரவாயில்லை.

கம்பி விட்டவர்களுக்கும் இப்போது சிமெண்ட் எளிதாகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் ராமை மொத்தமாக அள்ளுகின்றன. குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ராம் வியாபாரத்தையே கைவிடுவதாக, ராம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. எதிர்காலம் பற்றிய என் கவலை ஆப்பிளைவிட இதில்தான் அதிகம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னும் ஒருமுறை திறக்கிற பெட்டியே வாங்குவேன். அதிலும் எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டைப் பார்த்து. சிப் நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (சிப்பைச் செருகும் இடம்) 2017-இல் பரவலாக வந்தது. பயாஸை, அதாவது போர்டின் உள்மென்பொருளைப் புதுப்பித்து 2022-இல் வெளிவந்த சிப்பை அதே போர்டில் வைத்தவர்கள் உண்டு. உங்களுடையது அந்த வகையா என்று முதலில் பாருங்கள். ஆமென்றால் செலவு சிப்போடு முடியலாம். இல்லையென்றால், ராம் மிகவும் திணறிய ஒரு கல்யாணத்தின் கோப்பைத் திறந்து, எவ்வளவு ஜிபி தின்கிறது என்று குறித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். கடைக்காரர் சொல்கிற அளவுக்கு வாங்க வேண்டாம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, அப்போது போனால் நிதானமாக நாலு கடை ஏறி இறங்கலாம்.