ரப்பர் தோட்டப் பாதையில் வண்டிக்கூட்டம்: கேள்வி பதில்

குமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும்) வண்டிகளைக் கூட்டமாக அழைத்துச் செல்வது குறித்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு, பன்னிரண்டு ஆண்டுகளாக முன்வண்டி ஓட்டிவரும் அனுபவத்தில் பதில் எழுதுகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: எட்டு வண்டிகளோடு கீரிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் போகலாமா, அண்ணாச்சி?

போகக் கூடாது. 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதற்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ஃபாரஸ்ட்டில் எனக்கு ஆள் இருக்கிறது" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் புறப்படுங்கள். தனியார் ரப்பர் தோட்டங்களில் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுவதே முறை. பால்வெட்டு அதிகாலையில் நடப்பதால், மரந்தோறும் சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு போனால் மறுமுறை வாயிற்கதவு திறக்காது. நான் பால் எடுத்து முடிந்த பிறகே, அதாவது பதினொரு மணிக்கு மேல்தான் வண்டியை உள்ளே விடுகிறேன். எட்டு வண்டிகளை இரண்டு நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: எங்கள் கூட்டத்தில் கடைசி வண்டி எப்போதும் வழி தவறுகிறது.

முன்னால் போகிறவரைப் பிடிக்க எல்லோரும் விரைவதால்தான் அப்படி ஆகிறது. ஒவ்வொரு ஓட்டுநரும் தமக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியவில்லை என்றால் அவர் நிற்க வேண்டும், அவர் நின்றால் அவருக்கு முன்னால் இருப்பவரும் நிற்பார், இப்படியே நிறுத்தம் முன்வண்டி வரை வந்து சேரும். பாதை பிரியும் இடத்தில் பின்னவர் தம்மைப் பார்க்கும்வரை முன்னவர் நகரக் கூடாது. புதியவர்களை இரண்டாவது, மூன்றாவது இடங்களில் வையுங்கள். மீட்புச் சாமான்களோடும் முதலுதவிப் பெட்டியோடும் கைதேர்ந்த ஒருவர் கடைசியில் வரட்டும். செல்பேசியை நம்ப வேண்டாம். வாக்கிடாக்கி வாங்குவதானால் உரிமம் தேவைப்படாத 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் வகையையே வாங்குங்கள்.

திருவட்டாற்றிலிருந்து ஒருவர்: மஹிந்திரா தார் ஜீப் 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் என்கிறார்கள். ஓடையில் அதை நம்பி இறங்கலாமா?

தாருக்கு 650, ஃபோர்ஸ் கூர்க்கா வண்டிக்கு 700 என்று நிறுவனங்கள் சொல்லும் அளவு, தேங்கிய நீரில் மெதுவாகச் செல்வதற்கு. ஓடும் நீர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அடியில் பாறையும் குழியும் இருக்கும். ஒருவர் கம்பு ஊன்றி நடந்து கடக்க முடியாத இடத்தில் வண்டியையும் இறக்காதீர்கள். கூட்டத்திலேயே தாழ்வான வண்டியின் சக்கர அச்சுதான் எனக்கு அளவுகோல்.

இதை நான் கற்றது ஒரு செப்டம்பர் மாதத்தில், குலசேகரத்துக்கு மேலே. காலையில் கணுக்கால் நனையும் அளவிலேயே ஓடை இருந்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்க, மலையுச்சியில் மட்டும் கருத்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. திரும்பி வரும்போது நீரின் உயரம் அதிகம் மாறியிருக்கவில்லை. ஆனால் நிறம் செம்மண்ணாகியிருந்தது, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. முதல் வண்டியைக் கடக்கவைத்துவிட்டு அடுத்ததற்குக் கை காட்டுவதற்குள் நீர் தொடை அளவுக்கு ஏறிவிட்டது. ஒரு வண்டி அக்கரையிலும் நான்கு இக்கரையிலுமாக இருட்டும்வரை நின்றோம். அக்கரையில் இருந்தது சாப்பாட்டு வண்டி. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. சருகு மிதந்துவந்தால் அன்றைய பயணம் முடிந்தது என்று கொள்ளுங்கள்.

தக்கலையிலிருந்து ஒருவர்: சேற்றில் புதைந்த வண்டியை எப்படி இழுப்பது?

முதலில் இழுக்காதீர்கள். டயர் காற்றை 32-லிருந்து 18 பிஎஸ்ஐ வரை குறைத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மண்ணை வெட்டியெடுத்து, லோ கியரில் முயன்று பார்த்தால் பாதி வண்டிகள் தாமே வெளிவந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் கயிறு கட்டலாம். ஆனால் பம்பரிலோ அதன் முன்னால் பொருத்தும் புல்பார் கம்பியிலோ கட்டாமல், சேஸியோடு இணைந்த கொக்கியில் மட்டும் கட்ட வேண்டும். லாரிக்காரர்களின் கம்பி வடத்தை வெடுக்கென்று இழுக்கப் பயன்படுத்தினால், அது அறும்போது ஆளை வெட்டும். எந்தக் கயிறானாலும் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் அது வேகத்தைக் குறைக்கும். கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும், குறிப்பாகக் காணொளி எடுப்பவர், நிற்கக் கூடாது. கட்டளை ஒருவரே தர வேண்டும். தார்ச்சாலைக்கு ஏறும் முன் காற்றை மீண்டும் நிரப்ப மறக்காதீர்கள்.

கருங்கல்லிலிருந்து ஒரு தாயார்: குழந்தைகளோடு வரலாமா? அவர்களுக்குச் சலிப்பாக இருக்காதா, ஐயா?

தாராளமாக வாருங்கள், சகோதரி. ஒரு நாளில் மண்பாதை பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். சலிப்பு தூரத்தால்தான் வருகிறது. கடினமான ஏற்றத்தில் ஓட்டுநரைத் தவிர மற்றவர்கள் இறங்கி நடப்பது பாதுகாப்பு மட்டுமல்ல, வண்டி ஏறுவதைப் பார்த்துக் கைதட்டுவதே குழந்தைகளுக்குப் பெரிய விளையாட்டு. அட்டைப்பூச்சிக்கு ஒரு துணியில் உப்புக் கட்டி எடுத்து வாருங்கள். மதியத்துக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருந்தால் என் பங்கை மறக்க வேண்டாம்.

குளச்சலிலிருந்து ஒருவர்: கடற்கரை மணலில் ஓட்டிப் பழகலாமா?

வேண்டாம். கட்டுமரமும் வலையும் கிடக்கும் கரை அது. ஆமை முட்டையிடும் கரையும் அதுதான்.