தலையில அடிபட்ட பிறகு வந்த திக்கல்: கேள்வி பதில்

வணக்கம். பாளையங்கோட்டையில ஸ்பீச் தெரபிஸ்ட்டா இருக்கேன். சின்னப் பிள்ளையில இருந்தே திக்குறவங்க விஷயம் வேற, இன்னைக்கு அதப் பேசல. நேத்து வரைக்கும் மடமடன்னு பேசிக்கிட்டிருந்த ஆளு, ஆக்சிடென்ட்லயோ ஸ்ட்ரோக்லயோ மூளை அடிபட்டு அதுக்கப்புறம் திக்க ஆரம்பிச்சா என்ன பண்ணணும், அது மட்டும்தான். நேர்ல பாக்காம இன்னதுதான்னு முடிவா சொல்லமாட்டேன். கேளுங்க.

ஆலங்குளத்துல இருந்து ஒரு தம்பி: அக்கா, எங்க அண்ணனுக்கு 34 வயசு. தென்காசி ரோட்டுல பைக்ல இருந்து விழுந்து தலையில அடி, ஹெல்மெட் போடல. ரெண்டு நாள் நெனவில்லாம கெடந்தான். இப்ப எந்திரிச்சு நடமாடுதான், ஆனா பேச்சு திக்குது. சிடி ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுட்டாக. அம்மா பயந்த கோளாறுதான்னு மந்திரிச்சு கயிறு கட்டியாச்சு. பயத்துல வருமா இது?

பதில்: கயிறு கட்டுனா கட்டிட்டுப் போகட்டும் தம்பி, அம்மா மனசுக்கு அது வேணும். அதோட நிப்பாட்டிறாதீக, அவ்வளவுதான். சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு உடைஞ்சதையும் நல்லா காட்டும், ஆனா தலை ஆடுன வேகத்துல மூளைக்குள்ள இருக்குற மெல்லிசான நரம்பிழைக அந்து போயிருந்தா அது பெரும்பாலும் சிடியில தெரியாது, எம்ஆர்ஐ கொஞ்சம் கூடுதலா காட்டும், அதுலயும் எல்லாம் தெரியும்னு இல்ல. அதனால ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னா ஆளுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தமில்ல. ரெண்டு நாள் நெனவு இல்லாம கெடந்தவன் மூளை சும்மா தப்பிச்சிருக்கும்னு நான் நம்பமாட்டேன்.

பேச்சுக்கு மூளையில ஒரே ஒரு இடம்னு கெடையாது. யோசிக்கிறதுக்கு, வார்த்தை எடுக்கதுக்கு, நாக்கு உதடு மூச்சு மூணையும் சரியான நேரத்துல ஓட்டுறதுக்குன்னு பல இடம் சேந்து வேலை பாக்கும். பாளையங்கால்வாயில எந்த மடையில அடைப்பு விழுந்தாலும் கடைசி வயக்காரனுக்குத் தண்ணி வராதுல்லா, அது மாதிரி ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு இடத்துல அடிபட்டிருந்தாலும் வெளிய தெரியுறது ஒரே திக்கல்தான். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் திக்க ஆரம்பிச்சவங்க ஸ்கேனையெல்லாம் ஒப்பிட்டு 2024ல வந்த ஆராய்ச்சியிலயும் இதத்தான் பாத்தாக, அடிபட்ட இடம் வேற வேற, ஆனா எல்லாம் இடது பக்கம் உள்ளுக்குள்ள இருக்குற புட்டாமென்ங்கிற பகுதியோட தொடர்புள்ள ஒரே நரம்பு வலைக்குள்ள வருது.

வீட்டுலயே கொஞ்சம் கவனிங்க. சின்ன வயசுத் திக்கல் பெரும்பாலும் வார்த்தையோட தொடக்கத்துல நிக்கும், ‘பா-பா-பாளையங்கோட்டை’ன்னு. மூளை அடிபட்டு வர்ற திக்கல் நடுவுலயும் வரும், ‘திருநெல்-நெல்-நெல்வேலி’, ‘போயிட்டு-ட்டு-ட்டு’ன்னு. கண்ண இறுக்கி மூடுறது, தலைய வெட்டுறது, தொடையில அடிக்கிறது இதெல்லாம் அவ்வளவா இருக்காது. பேச எரிச்சல்படுவான், ஆனா பேசவே பயந்து ஒதுங்க மாட்டான். இன்னொண்ணு, தினத்தந்தியில ஒரு பத்திய எடுத்து அஞ்சாறு தடவ திருப்பித் திருப்பி வாசிக்கச் சொல்லுங்க. சின்ன வயசுத் திக்கல்னா பழகப் பழகக் கொறையும், இதுல பெருசா கொறையாது. இதெல்லாம் எல்லாருக்கும் அச்சு அசலா பொருந்தாது, வீட்டுல பாத்து நீங்களே பேர் வச்சிராதீக. நாங்க பாக்கும்போது சொல்ல உதவும், அதுக்குத்தான்.

சேரன்மகாதேவி, ஒரு அண்ணாச்சி: எங்க ஐயாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துட்டு. பேச்சு நின்னு நின்னு வருது, எல்லாரும் திக்குதுங்காக. எனக்கு சந்தேகமா இருக்கு.

பதில்: சந்தேகம் நல்லது அண்ணாச்சி. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் பேச்சு நின்னாலே எல்லாரும் திக்கல்னு சொல்லிருதாக, முக்காவாசி அது திக்கலா இருக்கதில்ல. ஐயா தண்ணி கேக்கும்போது ‘அது... அது... அந்தா...’ன்னு தேடுதாரா, இல்ல சொம்புன்னு சொல்ல வந்து செருப்புங்காரா? அப்பம்னா வார்த்தையே அகப்படல, அது அஃபேசியா. வார்த்தை மனசுல இருக்கு, வாய் அதுக்கு வழி தேடுது, ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி தப்பு வருதுன்னா அது பேச்சு அப்ராக்ஸியா. வாய் கோணி, எச்சி வழிஞ்சு, குடிச்ச ஆளு மாதிரி குழறுதுன்னா டிஸார்த்ரியா. திக்கல்ல என்ன சொல்லணும்னு தெளிவாத் தெரியும், வார்த்தையும் சரிதான், அதே சத்தம் திரும்பத் திரும்ப வரும், இல்ல அப்படியே அடைச்சு நிக்கும். ஒரே ஆளுக்கு இதுல ரெண்டு மூணு சேந்தும் இருக்கலாம். ஏன் இவ்வளவு இழுக்கேன்னா, ஒவ்வொண்ணுக்கும் பயிற்சி வேற. அஃபேசியா உள்ள ஆளப் போயி ‘மெதுவா பேசுங்க மெதுவா பேசுங்க’ன்னா அவருக்கு என்ன பிரயோஜனம், அவருக்கு வேண்டியது வார்த்தைல்லா.

முக்கூடல், ஒரு மதினி: வசம்பு சுட்டு நாக்குல தடவினா பேச்சு வரும்னு எங்க ஆச்சி சொல்லுதாக. கூழாங்கல்ல வாயில போட்டுப் பேசவும் சொல்லுதாக.

பதில்: கல்லு வேண்டவே வேண்டாம். மூளை அடிபட்டவங்களுக்கு விழுங்குறதுலயும் கோளாறு இருக்கலாம், கல்லு மூச்சுக்குழாயில போயிட்டா பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள ஆளு இருக்காது. வசம்பும் வேண்டாம் மதினி. கோளாறு நாக்குல இல்ல.

வள்ளியூர், ஒரு தம்பி: அரசு பஸ்ஸுல கண்டக்டர். தலையில அடிபட்டு ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. வீட்டுல ஓரளவு பேசிருதேன், பஸ்ஸுல ஏறுனா நாங்குநேரி, மூன்றடைப்புன்னு ஸ்டாப் பேரு சொல்லமுடியல. சில்லறை குடுத்துக்கிட்டே பேசுனா சுத்தமா அடைச்சுக்குது. வேலை போயிருமோன்னு இருக்கு.

பதில்: நீங்களே பாதிய சொல்லிட்டீங்க. சில்லறை எண்ணுறது, டிக்கெட் மெஷின், விசில், கூட்டம், அதுக்கு நடுவுல பேச்சு. தலையில அடிபட்ட பிறகு ஒரே நேரத்துல ரெண்டு வேலை பாக்குறது மூளைக்குப் பாரம், பாரம் கூடுனா முதல்ல பேச்சு சிக்கும். அதனால ஒண்ண முடிச்சிட்டு அடுத்தது. சில்லறைய கையில குடுங்க, நிமிருங்க, ஒரு மூச்சு விடுங்க, அப்புறம் வாயத் திறங்க. பயணி முணுமுணுத்தா முணுமுணுக்கட்டும்.

இப்ப பேச்சுக்கு. வேகத்தக் கொறைக்கிறதுதான் இதுல முக்கியமான மருந்து, ஆனா ‘மெதுவா பேசு’ன்னு சொல்லிட்டா யாருக்கும் வராது, கைக்கு ஒரு வேலை வேணும். தொடையிலயோ கம்பியிலயோ ஒரு விரலால ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு, நாங்-கு-நே-ரி, நாலு தட்டு. இதுக்குன்னு பேசிங் போர்டுன்னு ஒண்ணு இருக்கு, நடுநடுவுல தடுப்பு வச்ச பலகை, ஒரு கட்டத்துல விரல வச்சா ஒரு அசை, தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போனாத்தான் அடுத்தது. கடையில தேடாண்டாம், ஒரு மரஸ்கேல்ல இடம் விட்டு இடம் விட்டு ரப்பர்பேண்ட் சுத்துனா போதும். ரெண்டாவது, தொடக்கத்த இடிக்காதீக. மூச்ச லேசா விட ஆரம்பிச்சிட்டு அது மேலயே முதல் எழுத்த ஏத்தி, நாஆஆங்குநேரின்னு நெடிலக் கொஞ்சம் இழுங்க. ‘ம’, ‘ப’ வரும்போது உதட்ட அழுத்தாம தொட்டும் தொடாமலும் வைங்க, மூன்றடைப்புக்கு இதுதான் கைகொடுக்கும். சிலருக்கு ஹெட்போன்ல தன் குரல் ஒரு இம்மி பிந்திக் கேட்டா பேச்சு தானா நிதானமாகுது, அதுக்கு போன்லயே ஆப் இருக்கு, ஆனா மூளை அடிபட்டவங்கள்ல சிலருக்கு அது இன்னும் குழப்பிவிடும், அதனால தெரபிஸ்ட் முன்னால வச்சு ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் வீட்டுல பண்ணுங்க.

எடுத்த எடுப்புல பஸ்ஸுல பழகாதீக. காலையில களைப்பு இல்லாத நேரம் தனியா ஸ்டாப் பேர வரிசையா சொல்லுங்க. அப்புறம் வீட்டு ஆள் ஒருத்தர் முன்னால, அப்புறம் டிவி ஓடும்போது, அப்புறம் டீக்கடையில. லீவு நாள்ல பயணியா ஏறி ஜன்னலோரம் உக்காந்து மனசுக்குள்ள இல்லாம வாய்விட்டு மெல்ல சொல்லிப் பாருங்க. ஒரு படி நல்லா பழகினாத்தான் அடுத்த படி.

வேலைக்கு வாரேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பிரிவு 20ல ஒண்ணு இருக்கு, அரசு நிறுவனத்துல வேலையில இருக்கும்போது குறைபாடு வந்தா அதுக்காக வேலையவிட்டு எடுக்கவோ பதவியக் கொறைக்கவோ கூடாது, அந்த வேலைக்கு ஒத்துவரலன்னா அதே சம்பளத்துல வேற வேலைக்கு மாத்தணும். பேச்சு, மொழிக் குறைபாடு அந்தச் சட்டத்துல உள்ள 21 வகையில ஒண்ணு. ஆனா அதுல பேச்சுக் குறைபாடுன்னா நிரந்தரமா இருக்குறதுன்னுதான் சொல்லியிருக்கு, ஆறு மாசத்துல அந்த முடிவுக்குப் போகாண்டாம். இப்போதைக்கு டாக்டர் சீட்டு வச்சு லேசான டூட்டி கேளுங்க, யூனியன்காரங்ககிட்டயும் ஒரு வார்த்தை போட்டு வைங்க.

பேட்டை, ஒரு தங்கச்சி: வீட்டுக்காரருக்கு அடிபட்ட பிறகு திக்குது. மாமியா நடிக்கான்னு சொல்லுதாக. ஒரு நாள் நல்லா பேசுதாரு, ஒரு நாள் வாயே தொறக்க முடியல. எங்களுக்கே சந்தேகமா வருது.

பதில்: தூக்கம் இல்லாத நாள், வெயில்ல அலைஞ்ச நாள், சண்டை நடந்த நாள், இதெல்லாம் கூடக்கொறைய வரத்தான் செய்யும். மனசுல விழுந்த அடியாலயும் திக்கல் வரலாம், அதுவும் நடிப்பு இல்ல தாயி, அவரு வேணும்னு பண்ணல. ரெண்டும் கலந்தும் இருக்கும். மனசால வர்ற திக்கல்ல சிலருக்கு தெரபிக்கு ஒண்ணு ரெண்டு தடவ வந்ததுலயே பேச்சு சட்டுன்னு நல்லா வந்துரும், அதுவே எங்களுக்கு ஒரு தடயம். ஆனா யாரு எதுன்னு பிரிக்கிறது எங்களோடயும் நரம்பு டாக்டரோடயும் வேலை, மாமியா வேலை இல்ல. வீட்டுல பண்ண வேண்டியது வேற. வார்த்தைய நீங்க முடிச்சுக் குடுக்காதீக. டிவிய அமத்துங்க, முகத்தப் பாருங்க, ஒரே நேரத்துல ஒருத்தர் மட்டும் பேசுங்க, நீங்களும் வேகத்தக் கொறைங்க. சவுதியில இருந்து மச்சான் வீடியோ கால்ல வந்தா நாலு பேரு சுத்தி நின்னு ‘பேசு பேசு’ன்னு உசுப்புறீங்கள்ல, அத முதல்ல நிப்பாட்டுங்க.

அம்பாசமுத்திரம்: அப்பாவுக்கு இன்னைக்குக் காலையில திடீர்னு பேச்சு திக்குது. சுகர் இருக்கு. எப்ப வந்து உங்களப் பாக்கலாம்?

பதில்: என்னையப் பாக்காதீக. இப்பவே 108க்கு அடிங்க. திடீர்னு பேச்சு மாறுறது ஸ்ட்ரோக்கா இருக்கலாம், ரத்தக்கட்டி கரைக்கிற ஊசிய, கோளாறு ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும். எத்தன மணி வரைக்கும் நல்லா பேசுனாகன்னு மட்டும் நெனவுல வைங்க, அத டாக்டர் கேப்பாக.

களக்காடு: ஃபிட்ஸ் மாத்திரையாலயும் திக்கும்னு படிச்சேன், நிப்பாட்டிறலாமா?

பதில்: சில மாத்திரையால வர்றது உண்டு, அதுல ஃபிட்ஸ் மாத்திரையும் உண்டு. நீங்களா நிப்பாட்டுனா ஃபிட்ஸ் வந்து இன்னொரு தடவ தலையில அடிபடும். எந்த மாத்திரை ஆரம்பிச்சதுக்கு அப்புறம் திக்க ஆரம்பிச்சாருன்னு தேதி எழுதிக் கொண்டுபோய் எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே காட்டுங்க.

திசையன்விளை: சின்ன வயசுல திக்கி, பத்து வயசோட நின்னுபோச்சு. இப்ப 58ல ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அதே திக்கல் திரும்ப வந்திருக்கு. அப்படி வருமா?

பதில்: வரும் அண்ணாச்சி, வந்திருக்கு பலருக்கு. முதல் தடவ டாக்டர்கிட்ட போகும்போதே சின்ன வயசுக் கதைய சொல்லிருங்க, வெக்கப்பட்டு மறைக்காதீக, பயிற்சி எதுல ஆரம்பிக்கணும்ங்கிறதே அதுல மாறும்.

ஆலங்குளம் தம்பி மறுபடியும்: சரியாக எவ்வளவு நாளாகும் அக்கா? யார்கிட்ட காட்டணும், என்ன கொண்டு வரணும்?

பதில்: சிலருக்கு சில வாரத்துல, சில மாசத்துல தானாவே கொறைஞ்சிரும், ரெண்டு பக்க மூளையிலயும் அடி இருந்தா நீடிக்கும். தேதி குறிச்சுக் குடுக்குறவன நம்பாதீக. மூணே நாள்ல திக்கல் போகும்னு செவுத்துல எழுதிப் போட்டிருக்கான்ல, அவன்கிட்ட போகவே போகாதீக. தெரபிஸ்ட்கிட்ட இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் கேளுங்க, கேக்குறதுல சங்கடப்பட ஒண்ணுமில்ல. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில காது மூக்கு தொண்டைப் பிரிவுல போய் பேச்சுப் பயிற்சிக்கு யாரப் பாக்கணும்னு விசாரிங்க. போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் டிஸ்க், இப்ப சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கோங்க. அண்ணன் வீட்டுல சாதாரணமா பேசுறத அஞ்சு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்து வைங்க, எங்க முன்னால வந்தா பலபேரு வேற மாதிரி பேசுவாக. முடிஞ்சா ஆக்சிடென்ட்டுக்கு முந்தி எடுத்த கல்யாண வீடியோ எதுலயாவது அவன் பேசுனது இருந்தா அதையும் கொண்டு வாங்க.