டெக் (திறந்தவெளி மர மேடை) தூண்களுக்கான ஆங்கர்களை (தூணின் அடியைக் கான்கிரீட்டோடு பிணைக்கும் உலோகத் தாங்கிகளை) வரிசை பிசகாமல் பொருத்துவது எப்படி? போல்ட்டை ஈரக் கான்கிரீட்டிலேயே நட்டுவிடலாமா?

முதல்முறை செய்கிறீர்கள் என்றால் நடாதீர்கள். ஈரத்தில் நட்ட ஜே போல்ட் (அடி வளைந்த போல்ட்) கான்கிரீட் இறுகுவதற்குள் சாய்ந்துவிட்டால் பிறகு நிமிர்த்த வழியில்லை. ஒரு வாரம் ஆறவிட்டுத் துளை போட்டால், அடித்தளம் கொஞ்சம் தள்ளி அமைந்திருந்தாலும் ஆங்கரை வரிசை பார்க்கக் கட்டும் நூலுக்கு நேராக வைத்துவிடலாம்.

நூலைத் தூண்களின் வெளிமுகத்துக்குக் கட்டுங்கள். மையத்துக்குக் கட்டினால் தூண் நிறுத்தும்போது நூல் குறுக்கே வரும். மூலைக்கு 6-8-10 அடி கணக்கில் (பக்கங்கள் 6, 8 அடி, குறுக்கே 10 அடி) செங்கோணம் பிடித்து, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று பாருங்கள். பிறகு தூணை அளக்க வேண்டும். 6 அங்குலம் என்று விற்கும் மரம் இழைத்தபின் 5½ தான் இருக்கும். அதில் பாதி, 2¾ அங்குலம் நூலிலிருந்து உள்ளே தள்ளி, தூக்குக்குண்டு விட்டுத் துளைக்குக் குறியிடுங்கள்.

ஹேமர் டிரில் ஜல்லியில் பட்டால் வழுக்கும். அதனால் முதலில் கால் அங்குல பிட்டால் வழி போட்டுக்கொள்வது நல்லது. துளைக்குள் விரிந்து பிடிக்கும் வகை போல்ட் ஓரத்துக்கு அருகில் கான்கிரீட்டைப் பிளக்கும். குறுகலான அடித்தளத்துக்கு எபாக்சி பசையும் திரெட் ராடும் (முழுநீளமும் மரை வெட்டிய கம்பி) தான் சரி. துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதுங்கள். தூசி மிஞ்சினால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூசியைத்தான் பிடிக்கும். ராடு உருவிக்கொண்டு வந்துவிடும். எபாக்சியை அடியிலிருந்து நிரப்பி, ராடைத் திருகியபடியே இறக்குங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை நட்டைத் தொடக் கூடாது.

பெரும்பாலும் வரிசை கெடுவது நட் முடுக்கும்போதுதான். நட்டோடு சேர்ந்து ஆங்கரும் வலப்பக்கம் சுழலும். நேரான பலகை ஒன்றை எல்லா ஆங்கர்களின் பக்கவாட்டிலும் ஒட்டவைத்து, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு முடுக்குங்கள். ஆங்கரின் அடியிலுள்ள நீள்துளைக்கு மேல் வரும் தடித்த சதுர வாஷரை விட்டுவிட்டால் பிடிமானமே இருக்காது.

தூணின் அடி கான்கிரீட்டைத் தொடக் கூடாது, ஈரம் ஏறி அழுகும். 1 அங்குலம் தூக்கிவைக்கும் தட்டோடு வரும் ஆங்கரே வாங்குங்கள். அறுத்த முனைக்கு மரக்காப்பு எண்ணெய் பூசுங்கள். செம்பு மருந்தேற்றிய மரம் மெல்லிய துத்தநாகப் பூச்சை அரித்துவிடும் என்பதால் ஆங்கர், ஆணி இரண்டுமே ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கித் தடித்த பூச்சு) செய்தவையாக இருக்கட்டும்.

அடுத்தடுத்த இரு முகங்களில் ரசமட்டம் வைத்துத் தூக்குப் பார்த்து, இரு பக்கமும் முட்டுக் கொடுத்தபின் ஆணி அடியுங்கள். ஆங்கர் தூணின் அடியை நகராமல் பிடிக்குமே தவிர ஆட்டத்தைத் தாங்காது. உத்தரம் ஏற்றி, குறுக்குச் சட்டங்களும் அடித்து முடிக்கும்வரை அந்த முட்டுகளைக் கழற்றாதீர்கள்.