குட்டி கழிகிறதா? முதலில் வயதைச் சொல்லுங்கள்: வெண்பன்றிகளின் குடல் நோய்கள், கேள்வி பதில்

வெண்பன்றி வளர்க்கிறவர்களிடமிருந்து வந்து சேர்ந்த கேள்விகளில் பெரும்பாலானவை கழிச்சல் பற்றியவை. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். "பன்றி கழியுது, என்ன ஊசி போடலாம்" என்று மட்டும் கேட்காதீர்கள். குட்டிக்கு எத்தனை நாள், கழிச்சல் என்ன நிறம், தண்ணீரா கூழா, ரத்தமோ சளியோ இருக்கிறதா, இதைச் சொன்னாலே பாதி நோய் தெரிந்துவிடும். பன்றிக் குடலில் ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு வயது உண்டு.

கேள்வி (நாமக்கல்): டாக்டர், ஈன்று 2 நாள் ஆச்சு. 11 குட்டியில 4 செத்துப்போச்சு. மஞ்சத் தண்ணி மாதிரி கழியுது, வால் எல்லாம் நனைஞ்சு கிடக்கு. எந்த ஆன்டிபயாடிக் நல்லது?

தம்பி, இந்த வயதில் மஞ்சள் தண்ணீர் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈ.கோலை. இந்தக் கிருமி சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சை விடும். அந்த நச்சு குடலைப் புண்ணாக்குவதில்லை, உடம்பில் இருக்கிற தண்ணீரை எல்லாம் குடலுக்குள் கொட்ட வைக்கிறது. ஒன்றேகால் கிலோ குட்டியிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? சில மணி நேரத்தில் கண் உள்ளே போய், தோல் சுருங்கி, உடம்பு சில்லென்று ஆகிவிடும். குட்டி சாவது நீர் வற்றித்தான். அதனால் ஊசியைத் தேடி ஓடுவதற்கு முன் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் பல முறை. தாய்ப்பால் குடிப்பதை நிறுத்தாதீர்கள்.

ஆன்டிபயாடிக் தேவைதான், ஆனால் எது என்பதை உங்கள் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஒரு பண்ணையில் கேட்கிற மருந்து பக்கத்துப் பண்ணையில் கேட்பதில்லை, ஈ.கோலை அந்த அளவுக்கு மாறிவிட்டது.

நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. குட்டிகள் எல்லாம் சீம்பால் குடித்தனவா? பன்றியின் நச்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்பு சக்தி குட்டிக்குப் போகாது, பிறக்கும்போது குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. முதல் 24 மணி நேரத்தில் சுமார் 250 மில்லி சீம்பால் உள்ளே போக வேண்டும், அதற்குப் பிறகு குடல் அந்தச் சத்தை அப்படியே உறிஞ்சும் கதவை மூடிக்கொள்ளும். 11 குட்டியில் பலசாலிகள் முன் காம்புகளைப் பிடித்துக்கொள்ள, கடைசியாகப் பிறந்த சின்னது பசியோடு நிற்கும். முதலில் குடித்த குட்டிகளை ஒரு மணி நேரம் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, சின்னதுகளைக் குடிக்க விடுங்கள். காசு செலவில்லாத வேலை.

அப்புறம் தரை. சென்ற வருடம் இதே புகாரோடு ஒரு பண்ணைக்குப் போனேன். மருந்துப் பெட்டியைத் திறக்காமல் குட்டிகள் படுத்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சிமெண்ட் தரை, ஈரம், சில்லென்று இருந்தது. பல்பு தலைக்கு மேலே ஆறடி உயரத்தில் எரிந்துகொண்டிருந்தது, வெளிச்சம் வந்ததே தவிர சூடு குட்டிக்கு வரவில்லை. நம்ம ஊர் வெயிலுக்குப் பல்பு எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிறந்த குட்டிக்கு முதல் சில நாள் 32 முதல் 34 டிகிரி வேண்டும், மழை நாளில் விடியற்காலை 3 மணிக்கு உங்கள் கொட்டகையில் அது இருக்காது. குளிர்ந்த குட்டியின் குடல் மெதுவாக ஓடும், கிருமி ஒட்டிக்கொள்ள நேரம் கிடைத்துவிடும். வைக்கோலோ சாக்கோ விரித்து, பல்பைத் தாழ்த்துங்கள். குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்தால் குளிர்கிறது, விலகிச் சிதறிப் படுத்தால் சூடு அதிகம், பக்கத்தில் பக்கத்தில் படுத்தால் சரி.

கேள்வி (தர்மபுரி): பிறந்த மறுநாளே ரத்தமா கழிஞ்சு ஒரு ஈத்துக் குட்டி முழுசும் போயிடுச்சு. ஊசி போட்டும் நிக்கல. ஆட்டுக்குப் போடற துள்ளுமாரி தடுப்பூசியைப் போடலாமா?

ஒரு ஈற்று மொத்தமும் கண்ணெதிரே போவது எவ்வளவு வேதனை என்று தெரியும். இது பெரும்பாலும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் சி வகை. இதன் நச்சு ஈ.கோலை மாதிரி இல்லை, குடல் சுவரையே அரித்துவிடும், அதனால் ரத்தம் தெரிந்த பிறகு எந்த ஊசியும் பெரிதாக உதவாது. இந்த நச்சை டிரிப்சின் என்ற செரிமான நொதி அழித்துவிடும். ஆனால் சீம்பாலில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, எதிர்ப்பு சக்தி செரித்துப் போகாமல் குட்டிக்குச் சேர வேண்டும் என்பதற்காக இயற்கை வைத்த ஏற்பாடு அது. அந்த முதல் நாட்களின் இடைவெளியில்தான் இந்த நச்சு புகுந்துகொள்கிறது.

தடுப்பு தாய் வழியாகத்தான். சினைப் பன்றிக்கு ஈனுவதற்கு சுமார் 5 வாரம், 2 வாரம் முன்பு என இரண்டு முறை தடுப்பூசி போட்டால் சீம்பாலில் எதிர்ப்பு சக்தி வரும். துள்ளுமாரிக்கு இங்கே போடுவது பெரும்பாலும் இதே கிருமியின் டி வகைக்கானது, சி வகை நச்சுக்கு அதை நம்ப வேண்டாம். சி வகை உள்ள தடுப்பூசிதானா என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (திருவண்ணாமலை): 10 நாள் குட்டி, தயிர் மாதிரி மஞ்சளா, கெட்டியா கழியுது. சாவு இல்ல, ஆனா ஊசிக்கு அசையவே இல்ல.

அசையாது, ஏனென்றால் இது பாக்டீரியாவே இல்லாமல் இருக்கலாம். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் பசை மாதிரி கழிந்தால் காக்சிடியா ஒட்டுண்ணியை நினைக்க வேண்டும். டோல்ட்ராசூரில் என்ற மருந்தை 3 முதல் 5 நாள் வயதில் ஒரே ஒரு முறை, கிலோவுக்கு 20 மில்லிகிராம், வாயில் கொடுப்பதுதான் வழக்கம். இப்போது கழிகிற ஈற்றுக்கு அது தாமதம், அடுத்த ஈற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு.

கேள்வி (கோவை): தாயிடமிருந்து பிரிச்சு 5 நாள்ல கழிச்சல். நல்லா கொழுகொழுன்னு இருந்த குட்டி ஒண்ணு கண் இமை வீங்கி, குடிச்சவன் மாதிரி தள்ளாடி, மறுநாள் செத்துக் கிடந்தது. பாம்பு கடிச்சிருக்குமா?

பாம்பு இல்லை அண்ணா. இதுவும் ஈ.கோலைதான், வேறு வகை. அது விடும் நச்சு ரத்தத்தில் கலந்து ரத்தக் குழாய்களைக் கெடுத்து, கண் இமை, நெற்றி, இரைப்பைச் சுவர் எல்லாம் நீர்கோத்துக்கொள்ளும். கூட்டத்திலேயே நன்றாகத் தின்று நன்றாக வளர்கிற குட்டியைத்தான் இது அதிகம் பிடிக்கும், அதனால்தான் உங்களுக்கு விஷம் என்று தோன்றியது.

பிரிக்கிற அன்று குட்டிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் மாறுகிறது. தாய் இல்லை, பால் இல்லை, பக்கத்தில் வேறு ஈற்றுக் குட்டிகள், சண்டை. பயத்தில் ஒரு நாள் தின்பதே இல்லை, மறுநாள் பசியில் வயிறு முட்டத் தின்கிறது. பட்டினியில் குடலின் உறிஞ்சிகள் குட்டையாகிவிட்டிருக்கும், செரிக்காத புரதம் கீழே போகும், கிருமிக்கு அதுதான் விருந்து. இரண்டு வார வயதிலிருந்தே குட்டித் தீவனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பிரித்த பின் ஒரு வாரம் தீவனத்தை அளந்து, ஒரு நாளில் 4, 5 வேளையாகப் பிரித்துப் போடுங்கள். முடிந்தால் தாயை வெளியே எடுத்துவிட்டு குட்டிகளை அதே அறையில் விட்டு வையுங்கள்.

தீவனத்தில் அதிக அளவு துத்தநாக ஆக்சைடு கலந்தால் இந்தக் கழிச்சல் குறைவது உண்மை. ஆனால் அது சாணி வழியாக மண்ணில் சேர்கிறது, மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கிறது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் அந்த அளவில் கொடுப்பதை நிறுத்தியது. நாம் அந்த வழியில் தொடங்காமல் இருப்பது நல்லது.

ஒரு விஷயம் மட்டும் சரிபாருங்கள்: ஓட்டல் மிச்சம் போடுகிறீர்களா, தண்ணீர்த் தொட்டி எப்போதாவது வற்றிக் கிடந்ததா? உப்பு அதிகமுள்ள மிச்சத்தைத் தின்று தண்ணீர் கிடைக்காமல் போனால் உப்பு நச்சிலும் இதே மாதிரி தள்ளாடும்.

கேள்வி (ஈரோடு): 4 மாசப் பன்றிங்க. சாப்பிடுது, எடை ஏறல. சாணி கரைச்ச சிமெண்ட் மாதிரி இருக்கு. போன வாரம் புதுசா வாங்கின பெட்டை ஒண்ணு தார் மாதிரி கறுப்பா கழிஞ்சு வெளுத்துப்போய் செத்துடுச்சு.

இரண்டும் ஒரே நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். லாசோனியா இன்ட்ராசெல்லுலாரிஸ் என்ற கிருமி, 1995இல்தான் இந்தப் பெயரே வைத்தார்கள். இது குடல் செல்லுக்குள்ளேயே குடியிருந்து, செல்கள் முதிர விடாமல் பெருக வைத்துக்கொண்டே போகும். இப்படிச் செத்த ஒரு பன்றியைத் திறந்தபோது சிறுகுடலின் கடைசிப் பகுதி தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் மாதிரி தடித்து, விரலால் அமுக்கினால் அமுங்காமல் இருந்தது. கீறினால் உள்ளே மடிப்பு மடிப்பாக, நடுவில் ஒரு கயிறு மாதிரி உறைந்த ரத்தம். சுவர் தடித்துவிட்டால் சத்து எப்படி உறிஞ்சும்? தின்றும் எடை ஏறாததற்குக் காரணம் அதுதான். வளரும் பன்றியில் மெதுவாக நடக்கிற இதே நோய், இளம் பெட்டைகளில் திடீர் ரத்தப்போக்காக வரும். டைலோசின், டியாமுலின் வகை மருந்துகள் கேட்கும். பெனிசிலின் பயன்படாது, செல்லுக்குள் இருக்கிற கிருமியை அது எட்டாது. புதிதாக வாங்கிய பன்றியை ஒரு மாதமாவது தனியே வைத்த பிறகு சேர்த்திருந்தால் நல்லது.

கேள்வி (அதே ஊர், வேறு பண்ணை): எங்களுக்கு ரத்தத்தோட சளியும் வருது. டியாமுலின் வாங்கி வெச்சிருக்கேன், இன்னைக்கே போடலாமா?

கொஞ்சம் நில்லுங்கள். முதலில் சொல்லுங்கள், பன்றிக்கு என்ன தீவனம்? பிராய்லர் பண்ணை மிச்சத் தீவனம் வாங்கிப் போடுகிறவரா நீங்கள்? கோழித் தீவனத்தில் காக்சிடியாவுக்காக மொனென்சின், சாலினோமைசின் போன்றவை கலந்திருக்கும். அதைத் தின்கிற பன்றிக்கு டியாமுலின் கொடுத்தால் ஈரலால் அந்தப் பொருளைக் கழிக்க முடியாமல் உடம்பில் சேர்ந்து, தசை கெட்டு, கால் விழுந்து, பன்றிகள் செத்துவிடும். கழிச்சலில் சாகாததை மருந்து கொன்றுவிடும். தயவுசெய்து இதை உங்கள் பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் சொல்லுங்கள். கோழித் தீவனத்தை நிறுத்தி, மருத்துவரிடம் அதைச் சொல்லி, அவர் சரி என்ற பிறகே மருந்து.

நோயைப் பொறுத்தவரை, சளியும் ரத்தமும் சேர்ந்து வருவது பெருங்குடலில் பிராக்கிஸ்பைரா கிருமி செய்யும் சீதபேதியாக இருக்கலாம். வெளியில் தெரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும், குணமான பன்றியும் மற்றவற்றுக்குப் பரப்பும், எலி மாதக்கணக்கில் சுமக்கும். எலியை விட்டுவிட்டு மருந்து மட்டும் போட்டால் மூன்று மாதத்தில் திரும்ப வரும்.

கேள்வி (சென்னை புறநகர்): ஐயா, ஓட்டல் மிச்சம்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். அதிலிருந்துதான் நோய் வருதுன்னு சொல்றாங்களே?

அதை விடச் சொல்ல மாட்டேன், தீவனச் செலவு எனக்கும் தெரியும். ஆனால் கொதிக்க வையுங்கள். சூடாக்கினேன் என்பது போதாது, அண்டா முழுக்கத் தளதளவென்று கொதித்து, அடி வரை கிளறிவிட்டு, அரை மணிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும், பெரிய துண்டுகள் இருந்தால் ஒரு மணி நேரம். கோழிக் கழிவு, முட்டை, இறைச்சி வழியாக சால்மோனெல்லா வரும். பச்சை மிச்சம் வைத்த வாளியிலேயே வெந்ததை அள்ளாதீர்கள். சால்மோனெல்லா மனிதருக்கும் வரும், கொட்டகையில் வேலை செய்த கையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

காது, வயிறு நீலம் பாய்ந்து, கடும் காய்ச்சலோடு பன்றிகள் அடுத்தடுத்து விழுந்தால் அது சால்மோனெல்லாவா, பன்றிக் காய்ச்சலா, 2020இல் அசாம் பக்கம் நம் நாட்டுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அப்போது நீங்களே அறுத்துப் பார்க்கவோ, மிச்சமிருப்பதை அவசரமாக விற்கவோ வேண்டாம். அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லிவிடுங்கள்.

கேள்வி (சேலம்): தீவன ஏஜென்ட் கொலிஸ்டின் பவுடர் கொடுத்தார். தினமும் கலந்தா கழிச்சலே வராதாம்.

வேண்டவே வேண்டாம். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்துவிட்டது. வேறு எதுவும் கேட்காத நோயாளிக்கு ஐசியுவில் கடைசியாகப் போடும் மருந்து அது. கிருமியை அதற்கு அடங்காமல் செய்யும் மரபணு ஒன்று கிருமியிலிருந்து கிருமிக்குத் தாவுவதை 2015இல் சீனாவில் கண்டுபிடித்தார்கள், பன்றிகளிலும் மனிதர்களிலும் சேர்த்து.

கேள்வி (விழுப்புரம்): தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவறோம். ஆனாலும் ஒவ்வொரு ஈத்துக்கும் கழிச்சல் வருது.

சாணியின் மேல் போட்ட பிளீச்சிங் பவுடர் சாணியோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமி வரை போகாது. வரிசைதான் முக்கியம். முதலில் சுரண்டி எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மூலையையும் தொட்டியின் அடிப்பக்கத்தையும் தேய்த்துக் கழுவுங்கள், தரையில் விரல் வைத்தால் வழுக்கக் கூடாது. காயட்டும். அதன் பிறகு கிருமிநாசினி, பிறகு சுண்ணாம்புப் பால் அடித்து மறுபடி காயட்டும். ஈனும் அறை குறைந்தது ஒரு வாரம் காலியாக, வெயில் படும்படி கிடக்கட்டும். காய்வதைப் போலக் கிருமியைக் கொல்வது வேறில்லை, குட்டிகள் இருக்கும்போது தினமும் தரையை நனைப்பது எதிர்வேலை. அந்த அறைக்குள் விடும் முன் தாய்ப்பன்றியை, குறிப்பாக மடியை, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குட்டி வாய் வைக்கிற முதல் இடம் அது. வேலை செய்யும்போது சின்னக் குட்டிகளிடமிருந்து தொடங்கி, நோயுள்ளவற்றுக்குக் கடைசியாகப் போங்கள்.

கேள்வி (மதுரை): மோர், மாதுளைத் தோல் கொடுக்கலாமா?

பிரித்த குட்டிக்குக் கொஞ்சம் புளித்த மோர் கொடுப்பதில் தவறில்லை. கழிந்து துவண்டு கிடக்கிற 2 நாள் குட்டிக்கு அதை நம்பி ஒரு ராத்திரி காத்திருக்காதீர்கள் அம்மா.

கேள்வி (திண்டுக்கல்): பரிசோதனைக்கு எதை அனுப்பணும்?

செத்து வெயிலில் கிடந்ததை அனுப்பினால் எல்லாக் கிருமியும் வளர்ந்திருக்கும், ஒன்றும் சொல்ல முடியாது. மருந்து போடாத, இன்று காலைதான் கழியத் தொடங்கிய குட்டிதான் சரியான மாதிரி. மலவாயிலிருந்து நேராகச் சுத்தமான டப்பாவில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோங்கள், உறைய விட வேண்டாம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. எந்த மருந்து கேட்கும் என்ற சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். டப்பாவின் மேல் குட்டியின் வயது, கழிச்சல் தொடங்கிய நாள், கொடுத்த மருந்து, தாய்க்குப் போட்ட தடுப்பூசி, இந்த நான்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.