வெயிலில் கடலுக்குப் போகலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லீவு விட்டதிலிருந்து பசங்க இரண்டு பேரும் கடல், கடல் என்று நச்சரிக்கிறார்கள் அண்ணா. எங்களிடம் கார் கிடையாது. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும், மே மாத வெயிலில் கருகவும் கூடாது. மகாபலிபுரம் சரிப்படுமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாகச் சரிப்படும். ஆனால் வீட்டில் பத்து மணிக்கு டிபன் முடித்துவிட்டு ஆற அமரக் கிளம்பி, உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்குகிற வழக்கத்தை மட்டும் இந்த ஒரு நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். மே மாதத்தில் எந்தக் கடற்கரை என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் முக்கியம். நம் பக்கம் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது, ஆறு மணிக்கு முன்பே நன்றாக விடிந்துவிடும். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாக மாநகரப் பேருந்து போகிறது, விடியற்காலை வண்டியையே பிடியுங்கள். இட்லிப் பொட்டலம் கையில் இருக்கட்டும்.

நுழைவுச் சீட்டு வாங்குகிற இடங்களை முதலில் முடித்துவிடுவது நல்லது. ஒரே சீட்டில் அன்றைக்குக் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டையும் பார்க்கலாம். ஐந்து ரதத்தைச் சுற்றி வெறும் மணல், ஒன்பது மணிக்கு மேல் செருப்பையும் தாண்டிச் சுடும். அர்ச்சுனன் தபசு என்கிற பெரிய பாறைச் சிற்பம் தெருவோரமாகவே இருக்கிறது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அங்கே பசங்களிடம் பெரிய யானைகளைக் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். யானைகளுக்குப் பக்கத்தில் ஒரு பூனை, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னங்காலில் நின்று தவம் செய்கிறது, அதன் காலடியில் எலிகள் நிம்மதியாக உலாவுகின்றன. இதைக் கண்டுபிடிக்கச் சொல்லி விட்டுவிட்டால் உங்களுக்குக் கால் மணி நேரம் ஓய்வு. கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது கன்றை நக்கிக்கொடுக்கும் பசுவையும் விடாதீர்கள், எனக்கு அந்த ஊரிலேயே அதுதான் பிடித்த சிற்பம்.

பத்தரைக்கு மேல் வெட்டவெளி வேண்டாம். திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து திண்ணை, முற்றத்தோடு மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள், நடுப்பகலைக் கழிக்க அதைவிட நல்ல இடம் அந்தச் சாலையில் எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. கடலில் கால் நனைப்பதை மாலை நான்குக்கு மேல் கோவளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தருகிற சர்வதேச நீலக் கொடிச் சான்றை 2021-ல் வாங்கிய கடற்கரை அது, கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் உண்டு. பெண்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒன்று கவனியுங்கள். கடல் காற்று சாதாரணமாக மதியத்தை ஒட்டித்தான் கரை ஏறும், தரை கடலைவிடச் சூடானால்தான் அது உள்ளே வரும். மேற்கிலிருந்து அனல் காற்று பலமாக வீசுகிற நாளில் கடல் காற்று இரண்டு, மூன்று மணிவரை தலைகாட்டாது. காலையிலேயே மேற்கே இருந்து வறண்ட காற்று அடித்தால் பயணத்தை மறுநாளைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். கிணற்றிலும் ஏரியிலும் நீந்தி வளர்ந்தவன். மெரினாவில் இடுப்பளவு தண்ணீருக்குக்கூடப் போக விடாமல் போலீஸ் விசில் அடிக்கிறார்களே, கொஞ்சம் ஓவராகத் தெரியவில்லையா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இல்லை. கிணற்றுத் தண்ணீர் உங்களை எங்கேயும் இழுத்துப்போகாது. கடலில் அலை அலையாகக் கரைக்கு வந்து சேர்கிற தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும், அடியில் இருக்கிற மணல் திட்டுக்கு நடுவே இடைவெளி கிடைத்தால் அதன் வழியாக ஆறு மாதிரி வேகமாகக் கடலுக்குள் ஓடும். இதில் வில்லங்கம் என்னவென்றால் அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரையாக இருக்க, நடுவில் மட்டும் அமைதியாக, சில சமயம் மணல் கலங்கிப் பழுப்பாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கேதான் இறங்குவார்கள், அலை இல்லையே என்று.

அது ஆளை அடியில் அமுக்காது, வெளியே இழுத்துக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவர் பயத்தில் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துத்தான் மூழ்குகிறார். மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சரிசெய்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். அந்த ஓட்டம் அகலம் குறைவானது, தாண்டிய பிறகு அலையோடு சேர்ந்து கரைக்கு வரலாம். வேறு யாராவது மாட்டினால் நீங்கள் குதிக்காதீர்கள். மூடிய காலி கேன், கயிறு, எது கிடைத்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு மீனவர்களையும் உயிர்காப்பாளரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். காப்பாற்றப் போய் அடுத்தடுத்து இறங்கியவர்கள் இறந்த செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம். மெரினா சரிவும் சட்டென்று ஆழமாகிவிடும், அதனால் அந்த விசிலுக்குக் கட்டுப்படுங்கள் சார்.

கேள்வி: கடற்கரையில் குடைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் முகம் கறுத்துவிட்டதே, எப்படி?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: குடை மேலே இருந்து வருவதைத்தான் தடுக்கும். மணலும் நீரும் கீழிருந்து திருப்பி அடிக்கும். முழுக்கைப் பருத்தி உடை, அகலமான தொப்பி, சன்ஸ்கிரீன் போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. அப்புறமும் கறுத்தால் கறுக்கட்டுமே, அதற்காகக் கடலை விடுவதா?

கேள்வி: தரங்கம்பாடிக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா, அல்லது அரை நாளில் முடிந்துவிடுமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பார்த்து முடிக்க அரை நாள் போதும், ஆனால் அந்த ஊரில் அவசரப்பட்டால் ஒன்றும் கிடைக்காது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வழியாக இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கோட்டை அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

நிலவாசல் என்று ஒரு பழைய வெள்ளை வாசல் இருக்கிறது, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ராஜவீதியில் நடந்து போங்கள். வரிசையாகப் பழைய டேனிஷ் காலத்து வீடுகள், 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம், எதிர்ப்பக்கம் 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். இந்த இரண்டாவதைக் கட்டியவர் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, 1706-ல் இங்கே வந்து இறங்கி, தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தவர். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். வீதி போய் முடிகிற வெளியில் டேன்ஸ்பர்க் கோட்டை, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-ல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

கோட்டையை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், கொஞ்சம் தள்ளி இருக்கிற மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் பலர் போவதில்லை. 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் கொட்டியிருக்கும் பாறைகளைப் பார்த்தாலே கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று புரியும். அந்தப் பாறைகளில் பாசி வழுக்கும், ஏற வேண்டாம்.

இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று வீசுகிறது, உடம்புக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். ஓசோன் வானத்தின் மேலடுக்கில் இருக்கிறவரைதான் நல்லது, தரை மட்டத்தில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கெடுதல். அங்கே வீசுவது நல்ல உப்புக் காற்று, அது போதாதா!

கேள்வி: சக்கர நாற்காலியில் இருக்கும் என் மாமியாருக்கு ஒரு தடவையாவது அலையைக் கிட்டத்தில் காட்ட வேண்டும். மணலில் சக்கரம் புதைகிறது. வழி உண்டா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: உண்டு. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணல்மேல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள், 2022 நவம்பரில் திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, சரிசெய்து மறுபடி திறந்தார்கள். மாலையில் போகாதீர்கள், நன்றாக நடக்கிறவர்களே பாதையை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுப்பார்கள். வார நாளில் காலை ஆறு மணி என்றால் அம்மா நிம்மதியாகப் பார்க்கலாம்.

கேள்வி: மதுரையிலிருந்து தனுஷ்கோடி ஒரே நாளில் முடியுமா?
– கல்லூரி மாணவர்கள், மதுரை

பதில்: நான்கு மணிக்கு வண்டியை எடுத்தால் முடியும் தம்பிகளா. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்துவிட்டதால் ராமேஸ்வரம் வரை ரயிலிலும் போகலாம், ஆனால் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடும். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரையும் ரயிலையும் சேர்த்து அடித்துக்கொண்டு போன இடம், இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் தாண்டி அரிச்சல்முனைவரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. நிழல் என்று சொல்ல ஒரு மரம் இல்லை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்வார்கள், இந்த மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும். முனையில் யாரும் இறங்கவே கூடாது. சாயங்காலத்துக்கு மேல் சோதனைச் சாவடியில் வண்டிகளை விடமாட்டார்கள், அதற்குள் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: கடற்கரைக்குப் போனாலே மீன் வறுவல் வாசனை இழுக்கிறது. வாங்கிச் சாப்பிடலாமா?
– ஒரு வாசகர், திருத்தணி

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் மட்டும் போய்வரும். ஆகவே இந்த நாட்களில் பெரிய வஞ்சிரத்தைக் காட்டி இன்று காலை பிடித்தது என்றால் ஒரு சந்தேகம் வையுங்கள், பெரும்பாலும் தடை தொடங்காத மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததாக இருக்கும். நெத்திலி, மத்தி, காரப்பொடி என்றால் அன்றைக்குக் கரைக்கு வந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், விலையும் கடிக்காது. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். சிவக்கச் சிவக்க மசாலா பூசி மதியத்திலிருந்து வெயிலில் அடுக்கி வைத்திருப்பதைத் தொடாதீர்கள், அந்த மசாலாவுக்கு அடியில் மீன் எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லி எதிரிலேயே தடவி வறுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் மாங்காய் போட்ட சுண்டல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.