வகுப்பில் தேறினார்கள், வார்டில் புண் குறையவில்லை

கேள்வி: வார்டு ஒன்றின் பொறுப்புச் செவிலியர் நான். படுக்கைப் புண் தடுப்பு பற்றி வகுப்பு நடத்தினோம். தேர்வில் எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். ஆனாலும் நோயாளிகளுக்குப் புண் வந்துகொண்டுதான் இருக்கிறது. பயிற்சியை எப்படி மாற்றுவது?

பதில்: பயிற்சியைக் கட்டிலருகே கொண்டுபோங்கள். புண்ணின் நான்கு நிலைகளையும் எல்லோரும் ஒப்பிப்பார்கள். முதல் நிலையை விரலால் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. சிவந்த இடத்தைச் சில நொடி அழுத்திவிட்டு எடுத்தால் அது வெளுக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் ஆபத்து தொடங்கிவிட்டது. கருத்த தோலில் இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, இறுகியிருக்கிறதா, கொழகொழக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று தடவித்தான் அறிய வேண்டும். அனுபவமுள்ளவர் கூட நின்று, வால் எலும்புப் பகுதியிலும் குதிகாலிலும் ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லட்டும்.

பிறகு செவிலியர்களையே கட்டிலில் படுக்கவையுங்கள். தலைப்பக்கத்தை 60 டிகிரி உயர்த்தி, கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். உடல் கீழே சறுக்கும். தோல் விரிப்பில் ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு நகரும். நடுவில் மாட்டிக்கொண்ட ரத்தக்குழாய்கள் நெரிபடும். இதை உடம்பால் உணர்ந்தவர், சிகிச்சைக்குத் தடையில்லாதவரை 30 டிகிரியைத் தாண்டமாட்டார். நோயாளியைத் தரதரவென்று இழுக்காமல், இன்னொருவரை அழைத்து விரிப்போடு தூக்கி நகர்த்துவார்.

ஈரம், அசைவு போன்ற பிரிவுகளில் எண் போட்டு, புண் வரும் ஆபத்தைக் கணிக்கும் பிரேடன் மதிப்பெண் (மொத்தம் 6 முதல் 23 வரை, 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து) பல இடங்களில் வெறும் எழுத்து வேலையாகிவிட்டது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். மொத்த எண்ணைக் கேட்காதீர்கள். “எந்தப் பிரிவில் குறைந்தது, அதற்கு என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். ஈரத்தால் குறைந்தவருக்கும் அசைய முடியாமல் குறைந்தவருக்கும் ஒரே பராமரிப்பு போதாது.

பழைய பழக்கங்களையும் பெயர் சொல்லி நிறுத்துங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. வளைய மெத்தை விளிம்பில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். குதிகாலுக்கடியில் தண்ணீர் நிரப்பிய கையுறையும் வேண்டாம். கெண்டைக்கால் நெடுகத் தலையணை வைத்தால் குதிகால் எதையும் தொடாமல் நிற்கும்.

சில வாரம் கழித்து மறுபடியும் கட்டிலருகே சோதியுங்கள். அப்போது ஆக்சிஜன் குழாய் உரசும் காதின் பின்புறத்தையும் மாஸ்க் அழுத்தும் மூக்குத்தண்டையும் பார்த்தார்களா என்று கவனியுங்கள்; படுக்கையில் படாத இடம் என்று பலரும் விட்டுவிடுவது அவற்றைத்தான்.